வினைமுற்று வரும்வரை

ஜனவரி 9

ஊமைக்கோட்டானுக்கு,

போன் பண்ணாதே, சொல்ல வேண்டியதை எழுது என்று நீ சொல்லி ஒரு வருடம் ஆகப்போகிறது. எழுதாமல் இருந்தது கோபத்தால். இப்போது எழுதுவது கோபம் தீர்ந்ததால் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் பட்டியலிலிருந்து என்னைத் தற்காலிகமாக நீக்கியிருக்கிறார்கள். மார்ச் கடைசியில் மறுதேர்வு. தேறினால் வேலை. தேறாவிட்டால் இத்தனை வருட உழைப்புக்கும் ஒரு கும்பிடு.

நடந்தது இது. சாட்சி, சரக்குக் கிடங்கில் வேலை செய்பவர். தமிழ் மட்டும்தான் பேசுவார். நான் கண்ணாடி அறையில் உட்கார்ந்து, அவர் பேசப் பேச இரண்டு மூன்று சொல் பின்னால் ஓடியபடியே கோர்ட்டு மொழியில் சொல்லிக்கொண்டு போக வேண்டும். நீதிபதி காதுக்கருவியில் கேட்பார். என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். அதில் எது கஷ்டம் என்று நீ கேட்டதில்லை. கோர்ட்டு மொழியில் 'இல்லை' என்பது வாசலிலேயே வந்து நின்றுவிடும். தமிழில் ஆள், இடம், நேரம், சாமான் எல்லாம் வந்து உட்கார்ந்த பிறகு கடைசி ஆளாக வினைமுற்று வரும். நடந்ததா நடக்கவில்லையா என்று அது வந்துதான் சொல்லும். அதுவரைக்கும் மற்ற எல்லாவற்றையும் கையில் ஏந்திக்கொண்டு ஓட வேண்டும்.

அவர் சொன்னார்: "கிடங்குல விளக்கு அணைஞ்சதுக்கப்புறம், வண்டிச் சத்தம் கேட்டு நான் திரும்பிப் பாத்தப்ப, அந்த டிரைவர்தான் அதுல உக்காந்திருந்தாருன்னு நான் போலீஸ்ல சொல்லவே இல்லீங்க."

நான் சொன்னேன்: அந்த டிரைவர்தான் உட்கார்ந்திருந்தார் என்று போலீசில் சொன்னேன்.

கேட்காமல் இல்லை. கேட்டது. வால் வந்து சேர்ந்தபோது தலை என் கையில் இல்லை. ஏதோ ஒரு வாலை ஒட்டி வாக்கியத்தை முடித்துவிட்டேன். குற்றம் சாட்டப்பட்ட டிரைவருக்கு இரண்டு மொழியும் தெரியும். எழுந்து நின்றார். "ஐயா, அவரு இல்லைன்னு சொன்னாரு. இந்தம்மா ஆமாங்கிறாங்க." நீதிபதி என்னைக் கேட்டார். நான் சொன்னதுதான் சரி என்றேன். ஒலிப்பதிவைப் போட்டார்கள். எல்லாரும் கேட்டார்கள்.

இது மாத்திரை செய்கிற வேலை. மனசில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன். ஆனால் தலைக்குள் யாரோ ஈரத்துணியைப் போட்டு மூடிய மாதிரி இருக்கிறது. கை நடுக்கம் வேறு; இந்த எழுத்தைப் பார்த்தாலே தெரியும். தேர்வுக்கு முன்னால் லித்தியத்தை நிறுத்திவிடலாம் என்று இருக்கிறேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. தெரியப்படுத்துகிறேன்.

இன்னொன்று. பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வு நடக்கிறது. பைபோலார் உள்ளவர்களுக்கு மனநிலை சரியாக இருக்கும் காலத்திலும் நினைவு ஏன் நழுவுகிறது என்று மூளையைப் படம் எடுத்துப் பார்க்கிறார்கள். என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். கூடவே, நோய் இல்லாத கூடப்பிறந்தவர் ஒருவரும் வேண்டுமாம். எனக்கு இருக்கிற கூடப்பிறப்பு நீ ஒருவன்தான். நோய் இருக்கிறதா இல்லையா என்று உன் வீட்டுக்காரியைத்தான் கேட்க வேண்டும்.

வருவாயா?

அக்கா


ஜனவரி 21

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. வேலை விஷயம் வருத்தம்தான்.

மாத்திரையை நிறுத்தாதே. இதற்கு மேல் இதில் எழுத எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் நீ சும்மா விடமாட்டாய் என்பதால் எழுதுகிறேன்.

போன முறை நிறுத்தினபோது என்ன நடந்தது என்று உனக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கும். எனக்கு முழுதும் இருக்கிறது. இங்கே எங்கள் நகரத்து நடுவில் அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் நான் லிஃப்ட் மோட்டாரைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். நீ உன் ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து, கீழே லிஃப்டுக்குக் காத்திருந்தவர்களிடம், "மேல என் தம்பிதான் இருக்கான். கயித்த அறுத்துட்டிருக்கான், யாரும் ஏறாதீங்க" என்றாய். ஒரு மொழியில் இல்லை, மூன்று மொழியில். கட்டடத்தையே காலி செய்தார்கள். தெருவில் நின்றவர்களுக்கு நீ என்ன நடக்கிறது என்று மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாய். கம்பெனியில் என்னைப் புறநகர் வேலைக்கு மாற்றினார்கள். இப்போதும் அங்கேதான். பழைய லிஃப்ட்கள், கதவு சாத்தாது, சாத்தினால் திறக்காது.

ஆஸ்பத்திரியில் சேர்க்க நான்தான் கையெழுத்துப் போட்டேன். அதற்குத்தான் உனக்குக் கோபம். மறுபடி அப்படி ஒரு நாள் வந்தால் மறுபடியும் போடுவேன்.

படம் எடுக்க வரமாட்டேன். காரணம் கேட்பாய். மகளுக்கு இப்போது ஆறு வயது. மூச்சு விடாமல் பேசுகிறாள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறாள். எல்லாரும் அவளை வாயாடி என்று கூப்பிட்டுச் சிரிக்கிறார்கள். நான் சிரிப்பதில்லை. அவள் தூங்கப் போகிற நேரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் தலைக்குள் என்ன இருக்கிறது என்று யாராவது படம் எடுத்துக் காட்டினால், அதற்குப் பிறகு அவளை எப்படிப் பார்ப்பேன் என்று தெரியவில்லை. தெரியாமலே இருக்கட்டும்.

மாத்திரையை நிறுத்தாதே.

தம்பி


பிப்ரவரி 3

ஊமைக்கோட்டானுக்கு,

இவ்வளவு பேசுவாய் என்று தெரிந்திருந்தால் முன்பே லிஃப்டை நிறுத்தியிருப்பேன்.

குழந்தை பேசினால் சிரி. நீ முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் அவள் ஒரு நாள் பேசுவதை நிறுத்திவிடுவாள். அப்போதும் அது வியாதிதானா என்று யோசிப்பாய். அத்தை சொல்கிறேன், சிரி.

படம் எடுத்தாயிற்று. குழாய்க்குள் படுக்க வைத்துத் தலையை அசையாமல் கட்டிவிடுகிறார்கள். கையில் ஒரு பட்டன். கண்ணுக்கு மேலே ஒரு கண்ணாடி, அதில் திரை தெரியும். எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். முதலில் சுலபம்: ஒரு குறிப்பிட்ட எழுத்து வந்தால் அழுத்து. பிறகு, இப்போது வந்த எழுத்தும் அதற்கு முந்தின எழுத்துக்கும் முந்தின எழுத்தும் ஒன்றா? ஒன்றானால் அழுத்து. யோசிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். பழையதைக் கீழே போட வேண்டும், புதியதை எடுத்துக்கொள்ள வேண்டும், இரண்டுக்கு முன் இருந்ததை விடவும் கூடாது. சுற்றிலும் இயந்திரம் தடதடவென்று யாரோ சுவரை இடிப்பது போலச் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறது.

என் வேலையும் இதேதானே, இதில் நான் பழம் தின்று கொட்டை போட்டவள் என்று நினைத்துக்கொண்டுதான் படுத்தேன். பாதியில்தான் தெரிந்தது, பட்டனைத் தாமதமாக அழுத்திக்கொண்டிருக்கிறேன். எழுத்து தெரியாமல் இல்லை. முடியட்டும், வினைமுற்று வரட்டும் என்று காத்திருக்கிறேன். எழுத்துக்கு ஏது வினைமுற்று? பழக்கதோஷம். வெளியே வந்து சொன்னேன். ஆய்வு நடத்துகிற டாக்டரம்மா சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார்.

அவரிடம் கேட்டேன். "மாத்திரையாலதானே இப்படி?"

"கொஞ்சம் இருக்கலாம். சிலருக்கு மந்தமா இருக்கும். ஆனா பழியை முழுசா அதும்மேல போட முடியாதும்மா."

"வேற யார்மேல போடறது?"

அவர் சொன்னதை எழுதுகிறேன். பழையதை ஞாபகம் வைத்திருப்பது ஒரு நினைவு. இப்போது கேட்டதைக் கையில் பிடித்துக்கொண்டே அதை வைத்து வேலை செய்வது வேறு நினைவு. அதற்குச் செயல் நினைவு என்று பெயர். இந்த மாதிரி வேலை செய்யும்போது மூளையில் சில இடம் முழித்துக்கொள்ள வேண்டும், சில இடம் அடங்க வேண்டும். தன்னைப் பற்றியே அசைபோட்டுக்கொண்டிருக்கிற இடம் ஒன்று இருக்கிறது. வேலை வந்தால் அது ஒதுங்கி வழிவிட வேண்டும். எங்களைப் போன்றவர்களைக் கூட்டமாக வைத்துப் பார்த்தால், நன்றாக இருக்கும் காலத்திலும் அது சரியாக அடங்குவதில்லை என்று சில ஆய்வுகளில் தெரிகிறதாம். "உள்ள ஒருத்தர் பேச்சை நிறுத்தாம, நீங்க வெளிய இருக்கற பேச்சைக் கேக்கப் பாக்கறீங்க. அவ்வளவு சுமையோட நீங்க இத்தனை வருஷம் வேலை செஞ்சதே பெரிசு" என்றார்.

பாராட்டு என்று நினைத்துச் சொன்னார். எனக்கு எரிந்தது. மாத்திரைதான் திருடன் என்றால் விரட்டிவிடலாம். வீட்டைக் கட்டினதே இப்படித்தான் என்றால் யாரை விரட்டுவது?

வீட்டில் உட்கார முடியவில்லை. சமையலறைக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். தண்ணீர் குடிக்கிறேன், பாத்ரூம் போகிறேன், மறுபடி தண்ணீர். ரேடியோவில் யார் பேசினாலும் கூடவே மொழிபெயர்க்கிறேன். மூன்றாவது வாக்கியத்தில் தவறுகிறது. அந்த டிரைவர் எழுந்து நிற்பது தெரிகிறது.

இன்னும் நிறுத்தவில்லை. கேட்பாய் என்று எழுதுகிறேன்.

அக்கா


பிப்ரவரி 13

அக்காவுக்கு,

இன்னும் என்று எழுதியிருக்கிறாய். அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை.

டாக்டர் சொன்னது எனக்கு ஓரளவு புரிந்தது. லிஃப்டில் ஆள் ஏறாதபோதும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் சூடாகிவிடும், ஆள் ஏறினால் இழுக்காது. அது மாதிரியா?

வேகமாக மொழிபெயர்க்கிற வேலை ஒன்றுதான் இருக்கிறதா? நிறுத்தி நிறுத்திச் சொல்கிற வேலை என்று முன்பு ஒன்று சொன்னாய். சாட்சி கொஞ்சம் பேசுவார், நிறுத்துவார், நீ சொல்வாய். அதைக் கேட்டுப் பார்க்கலாம் அல்லவா?

மகளைப் பார்த்துச் சிரித்தேன். "ஏம்பா பல்லக் காட்டற?" என்றாள்.

தம்பி


மார்ச் 2

என் அருமை ஊமைக்கோட்டானுக்கு,

மோட்டாரும் இல்லை, லிஃப்டும் இல்லை, உன் உவமை தப்பு, மூளை மேலும் கீழும் போவதில்லை, பக்கவாட்டில் போகிறது. அதை நான் கண்டுபிடித்துவிட்டேன். டாக்டரம்மாவுக்கும் எழுதப்போகிறேன். நிறுத்தி நிறுத்திச் சொல்வதாம்! அது நொண்டிக்கு வைக்கிற பந்தயம். என்னைப் போய் நொண்டச் சொல்கிறாயா?

கேள். வாக்கியம் முடிவதற்கு முன்பே எனக்கு முடிவு தெரிகிறது. அவர் வாயைத் திறந்ததும் வினைமுற்று எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துவிடுகிறேன். காத்திருப்பதுதான் தப்பு. இத்தனை வருடம் காத்திருந்தேன், காத்திருக்கச் சொல்லிப் பழக்கினார்கள், ஆனால் முற்று என்பது முன்பே இருக்கிறது, முற்று முன்னே, முன்னே முற்று, பார், சொல்லிலேயே இருக்கிறது. இதைப் புத்தகமாக எழுதலாம் என்று ஆரம்பித்துவிட்டேன். வினையெச்சத்துக்கு ஒரு அத்தியாயம். எச்சம் என்றால் மிச்சம். மிச்சம் வைக்காமல் சாப்பிடு என்பார்களே, அதுதான்.

ஈரத்துணி போய்விட்டது. கை நடுங்காமல் நிற்கிறது. தண்ணீர்த் தாகம் இல்லை. சமையலறைச் சுவருக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்தேன், பாதியில் பச்சை நன்றாக இருக்கும் என்று தோன்றியது, இப்போது இரண்டும் இருக்கிறது, இரண்டு மொழி மாதிரி. தூக்கம் என்பது பழக்கம்தான், குறைத்துக்கொண்டால் குறைகிறது. மேல்வீட்டுக்காரர் கதவைத் தட்டி என்னமோ சொன்னார். நல்ல மனிதர், அவர் சொன்னதை அவருக்கே மூன்று மொழியில் திருப்பிச் சொன்னேன், போய்விட்டார்.

இதனுடன் ஒரு பென் டிரைவ் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் அலுவலகத்தில் பயிற்சிக்குக் கொடுக்கிற ஒலிப்பதிவு, அடுக்குமாடித் தீவிபத்தில் தப்பித்த ஒருவருடைய சாட்சியம். அவர் தமிழ் ஒரு காதில், என் மொழிபெயர்ப்பு மறு காதில். போட்டுக் கேள். ஒரு இடத்திலாவது நான் நின்றேனா, திக்கினேனா, பின்தங்கினேனா என்று சொல். நீ பேசாத ஆள். ஆகவே பொய் சொல்லமாட்டாய். கேட்டுவிட்டு, என் அக்கா போல உண்டா என்று ஒரு வரி எழுது. அதைச் சட்டம் போட்டுச் சுவரில் பச்சைப் பக்கம் மாட்டுவேன்.

தேர்வு தூசு. வாயாடிக்கு முத்தம். அவளிடம் சொல், அத்தை புத்தகம் எழுதுகிறாள், அதில் அவளும் வருகிறாள், எல்லாரும் வருகிறார்கள்.

அக்கா அக்கா அக்கா


மார்ச் 6

அக்காவுக்கு,

உறையின் மேலே முகவரியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கையெழுத்து அவ்வளவு அழகாக இருந்தது. ஒரு நடுக்கம் இல்லை. நீ மாத்திரையை எப்போது நிறுத்தினாய் என்று கேட்கப்போவதில்லை.

ஒலிப்பதிவைக் கேட்டேன். வேலை முடிந்து மோட்டார் அறையிலேயே உட்கார்ந்து கேட்டேன். முதல் தடவை கேட்டபோது நிஜமாகவே அசந்துபோனேன். நீ நிற்கவில்லை, திக்கவில்லை. அந்த மனிதர் இருமும்போதுகூட நீ பேசிக்கொண்டிருக்கிறாய். அவர் இருமும்போது நீ என்ன பேசுகிறாய் என்று பிறகுதான் தோன்றியது. மறுபடியும் போட்டேன். இந்தத் தடவை ஒரு காதை மூடி அவரை மட்டும் கொஞ்சம் கேட்டேன், அப்புறம் உன்னை மட்டும் கேட்டேன்.

எனக்கு உன் தொழில் தெரியாது. இரண்டு மொழியும் தெரியும், அவ்வளவுதான். நீ ஒரு சொல்லையும் விடவில்லை. அவர் சொல்லாததையும் சொல்லியிருக்கிறாய்.

ஒரு இடத்தில் அவர், "நாங்க உள்ளதான் இருந்தோம். கதவைச் சாத்திட்டாங்க. தட்டினோம். யாரும் வரல" என்கிறார். யார் சாத்தினார்கள் என்று அவர் சொல்லவில்லை. தமிழில் சொல்லாமல் விடலாம். கோர்ட்டு மொழியில் ஒரு ஆளைச் சொல்லியாக வேண்டும் என்று எனக்கும் தெரியும். நீ "யாரோ" என்று சொல்லியிருக்கலாம். "என் தம்பி கதவைச் சாத்தினான்" என்று சொல்லியிருக்கிறாய்.

நான்கு தடவை கேட்டேன். அதேதான். அப்புறம் அவர் ஏணியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். நீ தம்பியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாய். அவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றான், திரும்பிப் பார்க்காமல் போனான் என்கிறாய். அந்த மனிதர் பேச்சில் தம்பியே இல்லை.

உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கு, அந்த வார்டுக் கதவு தானாகச் சாத்திக்கொள்கிற கதவு. திரும்பிப் பார்த்தேன். அது வேறு பேச்சு.

இந்த ஒலிப்பதிவை நீ தேர்வு நடத்துகிறவர்களிடம் போட்டுக் காட்டினால் என்ன சொல்வார்கள்? ஒரு இல்லையை விட்டதற்கு ஒரு மனிதர் எழுந்து நின்றார். இதற்கு எத்தனை பேர் எழுந்து நிற்பார்கள்? நீயே கேள். ஒரு காதை மூடிக்கொண்டு கேள்.

உன் டாக்டருக்குப் போன் பண்ணிவிட்டேன். ஒளித்துச் செய்யவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். திடீரென்று நிறுத்துவது ஆபத்து, உடனே பார்க்க வேண்டும் என்றார். நேற்றே கிளம்பியிருப்பேன், இங்கே நான் பராமரிக்கிற ஆஸ்பத்திரி லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் மாட்டிக்கொண்டது. வெள்ளிக்கிழமை காலை அங்கே இருப்பேன். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்து சேரட்டும் என்று விரைவுத் தபாலில் போடுகிறேன்.

தம்பி


மார்ச் 7

வராதே.

மறுபடியும் போன். மறுபடியும் டாக்டர். உனக்குத் தெரிந்த ஒரே வேலை கதவைச் சாத்துவது, அதற்கு எனக்கு ஒலிப்பதிவு வேண்டாம், நீ போட்டுப் போட்டுக் கேட்க வேண்டாம். அந்த ஆள் சொன்னார். அவர் சொன்னதைத்தான் நான் சொன்னேன். நீ சரியாகக் கேட்கவில்லை. உனக்கு எப்போது தமிழ் ஒழுங்காகத் தெரிந்தது? வந்தால் திறக்கமாட்டேன். இதை உன் வீட்டு வாசலில் யாராவது கொண்டுவந்து கொடுப்பதற்குள் நீ கிளம்பிவிட்டிருப்பாய் என்று தெரியும். தெரிந்தும் எழுதுகிறேன்.

கேட்கமாட்டேன். ஒரு காதை மூடிக்கொண்டு கேட்க நான் என்ன செவிடா?


ஏப்ரல் 4

அக்காவுக்கு,

ஊருக்கு வந்து சேர்ந்தேன். உன்னுடைய அந்தச் சின்னக் கடிதம் இங்கே காத்திருந்தது. படித்தேன். நீ கதவைத் திறக்கமாட்டேன் என்று எழுதியிருந்தாய். அன்று முழுக்க நீ திறக்கவில்லை. சொன்ன சொல் தவறாதவள்.

சாயங்காலம் நீயாகவே வெளியே வந்து படியில் உட்கார்ந்தாயே, அதை நான் வீட்டில்கூடச் சொல்லவில்லை. "அந்தாளு ஏணின்னுதாண்டா சொல்றாரு" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். ஒரு காதை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறாய்.

வீட்டில், "ஆஸ்பத்திரில சேக்கக் கையெழுத்து யார் போட்டது?" என்று என் மனைவி கேட்டாள். நீயே போட்டுக்கொண்டாய் என்றேன். நம்பவில்லை. பேனா எழுதவில்லை என்று வார்டு நர்சிடம் சண்டை பிடித்தாய் என்று சொன்ன பிறகு நம்பினாள்.

கோர்ட்டு அலுவலகத்தில் உன் டாக்டர் கொடுத்த சான்றிதழைக் கொடுத்துவிட்டேன். தேர்வை மே மாதத்துக்குத் தள்ளியிருக்கிறார்கள். அங்கே இருந்த குமாஸ்தா, "அவங்க பிரமாதமா பண்ணுவாங்களே" என்றார். ஆமாம் என்றேன்.

உன்னைப் பார்க்க அனுமதி இல்லாத நாட்களில் உன் ஊரில் எனக்கு வேலை இல்லை. ஆஸ்பத்திரி லிஃப்டில் ஏறி இறங்கினேன். மூன்றாவது மாடியில் ஒரு விரல் அகலம் தாழ்ந்து நிற்கிறது, சொல்லிவிட்டு வந்தேன். அப்புறம் அந்த டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். கூடப்பிறந்தவர் இன்னும் வேண்டுமா என்று கேட்டேன்.

எனக்கு அடைத்த இடம் புதிதில்லை. லிஃப்ட் கிணற்றில் தொங்குகிறவன். ஆனால் தலையைக் கட்டினதும் வியர்த்துவிட்டது. எழுத்துகள் வந்தன. கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு போனேன். இரண்டுக்கு முன்னால் என்ன என்று யோசிக்கிற இடத்தில் மகள் நினைப்பு வந்தது. அது போனால் நீ படியில் உட்கார்ந்திருந்தது வந்தது. அதற்குள் எழுத்து எங்கேயோ போய்விட்டது. அப்புறம் குருட்டாம்போக்கில் அழுத்தினேன். எனக்கு வியாதி இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் இந்த விளையாட்டு எனக்கு வராது. நீ தினமும் இதைச் செய்துதான் சம்பாதித்தாய் என்று அப்போதுதான் புரிந்தது.

வெளியே வந்ததும் கேட்டேன். "எனக்கும் இருக்கா?"

"ஒரு ஆளைப் பத்தி இந்தப் படம் ஒண்ணும் சொல்லாதுங்க. நிறையப் பேரைச் சேத்து வெச்சுப் பாத்தாதான் ஒரு சாயல் தெரியும்."

"எனக்கு ஒரு பொண்ணு இருக்கு. நிறையப் பேசறா."

"தூங்கறாளா?"

"படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவா."

"சாப்பாடு, விளையாட்டு?"

"எல்லாம் உண்டு."

"அப்ப பேசட்டுமே."

இவ்வளவுதான். பதில் கிடைத்த மாதிரியும் இருந்தது, கிடைக்காத மாதிரியும் இருந்தது. பஸ்ஸில் வரும்போது கால் ஆட்டிக்கொண்டே இருந்தேன் போலிருக்கிறது; பக்கத்து ஆள் நிறுத்தச் சொன்னார்.

மாத்திரை மறுபடி ஆரம்பித்தபோது நீ அழுததைப் பார்த்தேன். வேலை போய்விடும் என்றுதான் அழுதாய் என்று தெரியும். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது.

தம்பி


மே 23

தம்பிக்கு,

வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் ஆகிறது. சமையலறையில் பாதி மஞ்சளையும் பாதி பச்சையையும் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறேன். மறுபடி பெயிண்ட் அடிக்கத் தெம்பு இல்லை. மேல்வீட்டுக்காரர் படியில் பார்த்தால் தலையாட்டுகிறார். நானும் ஒரே மொழியில் தலையாட்டுகிறேன்.

மாத்திரை எடுக்கிறேன். டாக்டர் அளவைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார். அது அவர் குறைத்தது, நானாகக் குறைத்ததல்ல. ஈரத்துணி மெல்லிசாகியிருக்கிறது, போகவில்லை. போகாது என்று நினைக்கிறேன். அந்தக் கோபம் தீரவில்லை. ஆனால் அந்த ஒலிப்பதிவு என்னிடம்தான் இருக்கிறது. மாத்திரை டப்பாவைத் திறக்கக் கை வராத காலையில் அதை நினைத்துக்கொள்கிறேன். போட்டுக் கேட்க வேண்டியதில்லை. ஒரு சொல்லை விட்டால் யாராவது எழுந்து நின்று சொல்லிவிடுவார்கள். நான் சேர்த்துச் சொன்னால், இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் அங்கே இல்லாத அன்றைக்கு, ஒரு மனிதர் உள்ளே போய்விடுவார்.

தேர்வுக்குப் போனேன். கண்ணாடி அறையில் உட்கார்ந்து காதுக்கருவியை மாட்டினேன். ஓடிக்கொண்டே சொல்கிற பகுதிதான் முதலில். ஆரம்பித்தேன். நான்காவது வாக்கியத்தில் கையில் இருந்தது நழுவுவது தெரிந்தது. போன வருடமாக இருந்தால் ஏதாவது ஒரு வாலை ஒட்டியிருப்பேன். கருவியைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்து, "இது என்னால இனிமே முடியாது" என்றேன். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி நான் பழக்கிவிட்டவள். அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்தி நிறுத்திச் சொல்கிற வேலைக்கு எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன். கேட்கும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. அது மாத்திரையால் இல்லை.

ஆறு மாதம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். சின்ன வழக்குகள், சின்னக் கோர்ட்டு. நொண்டிப் பந்தயம்தான். நீ ஒன்றும் சொல்ல வேண்டாம்.

நேற்று முதல் வழக்கு. வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் தகராறு, ஜன்னல் ஒழுகுவது பற்றி. சாட்சி ஒரு அம்மாள். கூண்டில் ஏறினதும் பிடித்துக்கொண்டார். மழை, ஜன்னல், மெத்தை, போன வருடம் வந்த ஆசாரி, அவர் சொன்ன சமாதானம் என்று எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் கட்டிக்கொண்டு போகிறார். வினைமுற்று கண்ணுக்கெட்டின தூரத்தில் இல்லை. ஆசாரி வரைக்கும் பிடித்திருந்தேன். மெத்தை மெல்ல நழுவ ஆரம்பித்தது. உள்ளே ஒருத்தி, நீ முடிந்துபோனவள், முடிந்துபோனவள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

கையைத் தூக்கினேன்.

"கொஞ்சம் நில்லுங்கம்மா. இதுவரைக்கும் சொன்னதை முதல்ல சொல்லிடறேன்."

அந்த அம்மாளுக்குக் கோபம். "நான் இன்னும் முடிக்கவே இல்லியே. நடுவுல நிறுத்தினா எப்படி?"

வக்கீல் பெருமூச்சு விட்டார். நீதிபதி என்னைப் பார்த்தார். இதற்கு மேல் நீளமாகப் போனால் என்னால் சரியாகச் சொல்ல முடியாது என்று அவரிடம் கோர்ட்டு மொழியில் சொன்னேன். அறையில் எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லுங்கள் என்றார்.

அந்த அம்மாளிடம், "முடிக்க வேண்டாம். மீதியை நீங்களே பிடிச்சு வெச்சிருங்க. நான் இதைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துடறேன்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கூண்டின் கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, உதட்டை இறுக மூடிக்கொண்டு நின்றார். மழையைச் சொன்னேன், ஜன்னலைச் சொன்னேன், மெத்தையையும் ஆசாரியையும் சொன்னேன். சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்.

அக்கா